ஆட்டுக்கல்லா, ஆடுகளமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் காலையில் என் வகுப்பில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். இளங்கலைத் தமிழ் முதலாண்டு. பதினெட்டு வயது இன்னும் நிறையவில்லை. முதல் பாடவேளை. காப்பியங்களில் வரும் பெண் வருணனை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கொடியிடை, நூலிடை, துடியிடை என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், மூன்றாவது பெஞ்சில் அவள் சாய்ந்து கிடந்தாள். தண்ணீர் தெளித்து, எழுப்பி, ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராம். முதல் நாள் மதியத்துக்குப் பிறகு தேன் கலந்த வெந்நீரைத் தவிர வேறெதுவும் அவள் வயிற்றுக்குள் போகவில்லை. "டயட்ல இருக்கேன் மேம்" என்றாள்.

இந்த இடத்திலேயே என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பு, நூலக வாசலில் அவளைப் பார்த்து, "என்னம்மா, நல்லா இளைச்சிட்டே! இப்பதான் பாக்க லட்சணமா இருக்கே" என்று சொன்னது நான்தான். பெண்ணுடல் பற்றிக் கவிதை எழுதுகிறேன். கருத்தரங்குகளில் உடலரசியல் பேசுகிறேன். ஆனால் ஒரு பெண்பிள்ளை எதிரே வந்தால் முதலில் அவளுடைய உடலை அளந்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிற பழக்கம் என்னிடமும் இருந்திருக்கிறது.

அவள் பையில் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. ஏதோ ஒரு நாளிதழின் பெண்கள் இணைப்பிலிருந்து அவளுடைய அம்மா கத்தரித்துக் கொடுத்தது. பதின்ம வயதில் உடல் பருமனைத் தடுக்க என்ன சாப்பிட வேண்டும், என்ன உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று பதினைந்து குறிப்புகள். அன்றிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு அப்படிப்பட்ட பக்கங்களைக் கண்ட இடத்திலெல்லாம் சேர்த்து வைத்தேன். காப்பியத்தையும் சிற்றிலக்கியத்தையும் வாசிக்கப் பழகிய கண்ணோடு அவற்றை வாசித்தேன். யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். எந்தப் பிரதியும் வாயைத் திறந்துவிடும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உடல் பருமன் என்பது வெறும் ஆணாதிக்கக் கற்பனை என்று சொல்ல நான் வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9 விழுக்காடு. என் அம்மா நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை நோயாளி ஆனவர்; அவர் காலில் புண் ஆறாமல் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பதின்ம வயதில் சேரும் அதிக எடை பெரும்பாலும் பெரியவர்களான பின்னும் தொடர்கிறது என்பதையும், நீரிழிவும் ரத்த அழுத்தமும் மாதவிடாய்க் கோளாறும் அதோடு சேர்ந்து வருகின்றன என்பதையும் மருத்துவம் சரியாகவே சொல்கிறது. எனவே தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தடுப்பது என்ற பெயரில் நம் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவது என்ன என்பதே என் கேள்வி.

நான் சேர்த்த பக்கங்கள் பெரும்பாலும் அந்தப் பெண்ணிடம் பேசுவதே இல்லை. அவளுடைய அம்மாவிடம் பேசுகின்றன. மகளுக்கு இதைக் கொடுங்கள், அதைக் கொடுக்காதீர்கள், அவள் தட்டைக் கவனியுங்கள் என்று ஏவல் வினைகளாலேயே நகர்கிற மொழி அது. அப்பா என்றொரு மனிதர் அந்த வீட்டில் இருப்பதாகவே தெரிவதில்லை. மகளின் எடை கூடினால் அது அம்மாவின் சமையல் குற்றம், வளர்ப்புக் குற்றம். எப்படியோ கடைசிப் பத்திக்குள் கல்யாணமும் குழந்தைப்பேறும் வந்துவிடுகின்றன. பதினான்கு வயதுப் பெண் தன் உடலோடு நலமாக இருக்க வேண்டும் என்பதற்கு, அவள் இன்னும் பார்க்காத ஒரு மாப்பிள்ளையும் இன்னும் பிறக்காத ஒரு குழந்தையும் காரணமாகிறார்கள். பையன்களுக்கான குறிப்புகளில் இந்த எதிர்காலம் வருவதில்லை. அவன் விளையாட வேண்டும், செல்போனைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கணக்கு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடல் நிறைக் குறியீட்டை எல்லாப் பக்கங்களும் தருகின்றன. 18.5க்கும் 25க்கும் இடையில் இருந்தால் சரி என்கின்றன. இந்தக் கணக்கின் மூலவர் 1830களில் மக்கள்தொகையின் சராசரிகளை ஆராய்ந்த பெல்ஜியத்துக் கணிதவியலாளர் அடோல்ஃப் கெட்லே. அதற்கு இன்றைய பெயரை 1972இல் வைத்தவர் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ். கூட்டத்தை அளக்க உருவான கோல் அது. தனி ஒருத்தியின் நலத்தை அது ஒன்றே சொல்லிவிடாது. அதைவிட முக்கியம், அந்த எல்லைகள் பெரியவர்களுக்கானவை. இந்தியர் உட்பட ஆசியப் பெரியவர்களுக்கு 23லேயே கவனம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். வளரும் பிள்ளைகளுக்கோ இவை எதுவுமே அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வயதும் பாலினமும் சார்ந்த தனி வளர்ச்சி அட்டவணைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே 5 முதல் 19 வயது வரைக்கும் வெளியிட்டிருக்கிறது. பூப்பெய்தும் காலத்தில் பெண்ணுடலில் கொழுப்பு கூடுவது இயல்பான வளர்ச்சி. இடுப்பும் மார்பும் திரளுகிற அந்த வயதில் பெரியவர்களின் கணக்கைக் கையில் கொடுத்தால், வளர்வதையே தவறாக அவள் புரிந்துகொள்வாள்.

இனி உணவு. அந்தப் பதினைந்து குறிப்புகளில் ஒன்பது 'தவிர்க்கவும்' என்று முடிந்தன. சோறு வேண்டாம், உருளைக்கிழங்கு வேண்டாம், இரவு உணவுக்குப் பதில் ஒரு கப் சூப். என் மாணவி இதில் தானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்: காலை உணவும் வேண்டாம். இதனால் பருமன் தடுக்கப்படுமா? மருத்துவ ஆய்வுகளே இல்லை என்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டாவில் டயான் நியூமார்க்-ஸ்டெய்னர் குழுவினர் பதின்ம வயதினரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எடையைக் குறைக்க டயட் இருந்தவர்களே பின்னாளில் அதிக எடை சேர்க்கவும், கட்டுப்பாடின்றி உண்ணும் சிக்கலுக்கும் பிற உணவுக் கோளாறுகளுக்கும் ஆளாகவும் கூடுதல் வாய்ப்பு இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016இல் தந்த அறிக்கை இன்னும் நேரடியானது. பதின்ம வயதினரை டயட் இருக்கவும் வேளை உணவைத் தவிர்க்கவும் ஊக்குவிக்காதீர்கள். எடையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடுங்கள். நல்ல உணவும் உடலியக்கமும் நலத்துக்காக என்று சொல்லுங்கள், எடைக்காக அல்ல. உடல் பருமன், உணவுக் கோளாறு இரண்டையும் ஒரே வழியில் தடுக்கலாம் என்பதே அதன் சாரம். நூலக வாசலில் நான் சொன்ன வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலை குனிந்துதான் போனது.

இன்னொன்று. நான் மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நாற்பது விழுக்காட்டினரும் ஐம்பத்துமூன்று விழுக்காட்டினரும் வேறு வேறு பெண்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எடை கூடிய உடலுக்குள்ளேயே இரும்புச்சத்து இல்லாமல் இருக்கலாம். கும்பாரமாகச் சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்பதுதான் நம் வீடுகளில் பெண்பிள்ளையின் தட்டு. முட்டையும் மீன் துண்டும் முதலில் ஆண்களுக்குப் போகும். மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடுவது பெண்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தட்டில் பாதி காய்கறியும் பழமும் கீரையும் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் அவள் தட்டில் எதைக் குறைப்பது என்பதைவிட, இதுவரை வராத பருப்பையும் முட்டையையும் கீரையையும் எப்படிக் கொண்டுவருவது என்பதல்லவா முதல் கேள்வி? வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்கிறார். பசித்தபின், அளவறிந்து, உடலுக்கு ஒத்ததை உண்ணச் சொல்கிறார். பத்துக் குறளிலும் உடலின் வடிவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பசியும் செரிமானமும் நோயும்தான் பேச்சு. நம் பெண்கள் பக்கங்களுக்கு எட்டாத நிதானம் அது.

உடற்பயிற்சிக் குறிப்புகளுக்கு வருவோம். என்னை மிகவும் யோசிக்க வைத்தவை இவைதான். அந்தக் காலத்தில் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள். அதனால் அவர்களுக்குப் பருமனே இல்லை. நீயும் குனிந்து வீடு பெருக்கு, உட்கார்ந்து தரையைத் துடை, அதுவே பயிற்சி. வெவ்வேறு சொற்களில் இந்தக் குறிப்பு வராத பக்கமே இல்லை எனலாம். என் பாட்டி ஆட்டுக்கல்லில் ஆட்டியவர்தான். அவர் உடல் மெலிந்திருந்தது உண்மை. மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடாததும் ஒன்பது பிள்ளை பெற்றதும் அதற்குக் காரணங்கள் என்பதை எந்தக் குறிப்பும் சொல்வதில்லை. வேலையால் தேய்ந்த உடலை ஆரோக்கியம் என்று பெயரிட்டுப் பேத்திக்குப் பரிசளிக்கிறார்கள்.

2019இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருத்தி அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். வீட்டு வேலைதான் பருமனைத் தடுக்கும் என்றால் இந்த நாட்டில் முதலில் பருமனாக வேண்டியவர்கள் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பு காட்டுவதோ வேறு: ஆண்களில் 37 விழுக்காடு, பெண்களில் நாற்பதுக்கும் மேல். மூச்சு வாங்க ஓடுவதும் குதிப்பதும் ஒன்று. பாத்திரம் துலக்குவது வேறு. 5 முதல் 17 வயதுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் இருக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் இந்த அளவை எட்டாத பையன்கள் 78 விழுக்காடு, பெண்கள் 85 விழுக்காடு என்று அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டுத் தரவுகளிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஏன் பெண்கள் கூடுதலாக எட்டவில்லை? என் வகுப்பில் இதைக் கேட்டு ஒரு தாளில் பெயரில்லாமல் எழுதச் சொன்னேன். பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார். மைதானம் பையன்களுடையது. வயசுக்கு வந்தபின் ஓடாதே என்றார் ஆயா. மாதவிடாய் நாளில் நாப்கின் மாற்ற இடமில்லை. கழிவறை போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு எப்படி ஓடுவது? மாலை சிறப்பு வகுப்பு முடிய ஆறரை மணி, அதற்குமேல் தெருவில் நடந்தால் கேள்வி. காலையில் நான்கரைக்கு எழுந்து படிப்பு. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், தூக்கம் குறைந்தாலும் எடை கூடும் என்பதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அத்தனை தாள்களிலும் ஒருத்திகூட 'எனக்குச் சோம்பல்' என்று எழுதவில்லை. நேரமும் இடமும் உடையும் கழிவறையும் இல்லாததை மன உறுதி இல்லாததாக மாற்றிச் சொல்வதே இந்தப் பக்கங்கள் செய்கிற பெரிய பிழை.

இவற்றைத் தாண்டி இன்னொரு கொடுமையும் கண்ணில் பட்டது. பல பெண்பிள்ளைகளுக்குப் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்திருக்கும். அழகுக் குறிப்புப் பகுதியில் இதற்கு எலுமிச்சையும் கடலைமாவும் தேய்க்கச் சொல்கிறார்கள். அம்மாக்கள் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறார்கள். பிள்ளைக்கு அழுக்குப் பிடித்தவள் என்ற பெயர். பல நேரங்களில் அது அழுக்கே அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கான அடையாளம். நீரிழிவு வரக்கூடும் என்று உடல் முன்கூட்டியே சொல்கிற செய்தி. மருத்துவரிடம் காட்ட வேண்டியதைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். பெண்ணுடலை அழகாக மட்டுமே வாசிக்கப் பழகிய கண், அது நோயைச் சொல்லும்போதும் அழகுக் குறையாகவே வாசிக்கிறது.

இதனால்தான், எல்லா உடலும் அழகே என்ற எதிர்முழக்கமும் எனக்குப் போதவில்லை. அந்த முழக்கம் கேலிக்கு எதிராகப் பலருக்குத் துணை நின்றது, அதை மதிக்கிறேன். ஆனால் நான்கு மாதமாகத் தீட்டு வராத, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற பதினாறு வயதுப் பெண்ணிடம் போய் நீ அழகுதான் என்று சொன்னால், அவள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறோம். அழகு என்ற தராசை விட்டு நாமும் இறங்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். அவளுக்குத் தேவை மருத்துவரும் மைதானமும் சாப்பாடும்.

பொறுப்பை வீட்டுக்கு வெளியிலும் தேட வேண்டும். இந்த மாநிலம் பிள்ளைகளின் பசியைப் பொதுக்கடமையாக ஏற்ற மாநிலம். 1982இல் விரிவடைந்த சத்துணவுத் திட்டமும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதற்குச் சான்று. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. மாதவிடாயால் இரும்புச்சத்து இழக்கத் தொடங்கி, எலும்பு உறுதிப்பட வேண்டிய வயதில், பிளஸ் ஒன் பெண் தன் காலை உணவுக்குத் தானே பொறுப்பு. பள்ளி வாசலில் அவளுக்காகக் காத்திருப்பது பத்து ரூபாய்ப் பொட்டலமும் குளிர்பானமும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று 2020இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. எந்தப் பள்ளி வாசலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பல குளிர்பானங்களில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. கால் லிட்டர் குடித்தால் ஒரு நாளைக்கு இதற்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 25 கிராம் முடிந்துவிடும். நான் சேர்த்த பக்கங்களில் சில, பருமன் குறிப்புகளுக்குப் பக்கத்திலேயே பிஸ்கட் விளம்பரம் தாங்கி வந்தவை.

நம்மிடம் வேறு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். இளைப்பதற்காக யாரும் அவர்களைச் சைக்கிளில் ஏற்றவில்லை. பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருக்காமல் சந்தைக்கும் வேலைக்கும் போவதற்காக ஏறினார்கள். உடல் அங்கே அளக்கப்படவில்லை, பயன்பட்டது, மகிழ்ந்தது. அரசு தரும் சைக்கிள் இன்று பிளஸ் ஒன் பெண்களின் வீட்டு வாசலில் நிற்கிறது. பள்ளிக்குப் போய்வர மட்டும் அல்லாமல், மாலையில் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிவரவும் அதை எடுக்க விட்டால், எந்தக் குறிப்பும் தராததை அது தரும்.

என் மாணவி இப்போது மூன்றாமாண்டு படிக்கிறாள். அவள் ஊரிலிருந்து கல்லூரிக்கு ஒரே பஸ், காலை ஆறரைக்கு. அதற்குள் வீட்டில் எதுவும் வெந்திருக்காது. டயட்டுக்கு முன்பும் அவள் வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கிறாள். டயட் என்ற சொல் அந்தப் பசிக்கு ஒரு கௌரவமான பெயர் கொடுத்தது, அவ்வளவே. அதனால் என் முதல் பாடவேளையில் வருகைப்பதிவு முடிந்ததும் பத்து நிமிடம் சாப்பாட்டுக்கு விடுகிறேன். வகுப்பறையில் தக்காளிச் சாத வாசனை வருகிறது என்று புகார் போனது. போகட்டும் என்றிருக்கிறேன். மைதானத்தை மாலை ஐந்தரை வரை திறந்து வைக்கவும், விளையாட விரும்புகிறவர்களுக்குக் கடைசிப் பேருந்தின் நேரத்தை மாற்றிக் கேட்கவும் நாங்கள் சிலர் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். மைதானச் சாவி கிடைத்துவிட்டது. பேருந்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

வருணனைப் பாடத்தை இப்போதும் நடத்துகிறேன். கொடியிடை என்று எழுதிவிட்டு, இந்த இடைக்கு உரியவள் காலையில் என்ன சாப்பிட்டிருப்பாள் என்று கேட்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தான் சாப்பிட்டதைச் சொல்லத் தொடங்குகிறார்கள்.